கருவுற்ற காலத்தில் இடுப்பு வலிமை: தாய்மார் நலத்திற்கு ஓர் எளிய பயிற்சி

(விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் அரங்கில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

மகளிர் அரங்கில் உடல்நலம் குறித்துச் சில சொற்கள் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகியவற்றைப் பற்றி இம்மேடையில் முன்னரே பலர் பேசியிருப்பார்கள். ஆதலால் அதிகம் பேசப்படாத ஒன்றை நான் தேர்ந்துகொண்டேன். கருவுற்ற பெண்களுக்கு வரும் இடுப்பு வலியும், அதனைத் தணிக்கும் நிலைப்படுத்தும் பயிற்சிகளுமே இன்றைய பொருள். இது இளம்பெண்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. வீட்டில் மருமகளோ மகளோ கருவுற்றிருக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. எனவே ஆடவரும் பெரியோரும் இறுதிவரை அமர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

பொறுத்துக்கொள்ளப்படும் வலி

கருவுற்ற பெண்ணைக் காணும்போது நாம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. எத்தனையாவது மாதம்? வாந்தி நின்றதா? இரத்தம் எவ்வளவு இருக்கிறது? குழந்தையின் எடை என்ன? இவை யாவும் வேண்டிய கேள்விகளே. ஆனால் ‘இரவில் புரண்டு படுக்க முடிகிறதா? மாடிப்படி ஏற முடிகிறதா?’ என்று கேட்பவர் மிகச் சிலர். அப்பெண்ணே வாய் திறந்து சொன்னாலும், ‘பிள்ளை சுமப்பவளுக்கு இடுப்பு வலிக்காமல் இருக்குமா?’ என்ற ஒரே விடையில் பேச்சு முடிந்துவிடுகிறது.

கருவுற்ற காலத்தில் ஓரளவு உடல் அசதியும் முதுகுவலியும் இயல்பே. அதனை மறுக்கவில்லை. ஆயினும் அவற்றுள் ஒரு வகை வலி தனித்து அறியத்தக்கது. மருத்துவர்கள் அதனை இடுப்பு வளைய வலி என்பர். இடுப்பெலும்பின் மேல்விளிம்பிற்கும் பிட்டத்தின் கீழ் மடிப்பிற்கும் இடைப்பட்ட பகுதியில், ஒரு பக்கமாகவோ இரு பக்கமாகவோ அது தோன்றும். சிலருக்கு அடிவயிற்றின் கீழ், இடுப்பெலும்புகள் முன்புறம் ஒன்றுசேரும் இடத்திலும் குத்தும். நெடுநேரம் நிற்கும்போதும், அமரும்போதும், நடக்கும்போதும் மிகும். படுக்கையில் புரளும்போதும், ஒற்றைக்காலில் நின்று ஆடை உடுத்தும்போதும், வண்டியில் ஏறி இறங்கும்போதும் வெட்டுவதுபோல் இருக்கும். 2008ஆம் ஆண்டு ஐரோப்பிய வல்லுநர் குழு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இவ்வலி உண்டு என்கின்றன.

ஐவரில் ஒருவர் என்றால், இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் தாய்மார்களுள்ளும் பலர் இதனைத் தாங்கியே பிள்ளை பெற்றிருப்பீர்கள் என்பது தெளிவு. இவ்வலி உயிரைப் பறிப்பதன்று. ஆனால் உறக்கத்தைப் பறிக்கும். உறக்கம் இழந்தவள் சோர்வாள். சோர்ந்தவள் நடக்க அஞ்சுவாள். நடை குறைந்தால் தசைகள் மேலும் தளரும், எடை மிகும், வலி வளரும். கருவுற்ற காலத்தின் மகிழ்ச்சியே அவளுக்கு இல்லாமல் போய்விடும். பேறு முடிந்த சில மாதங்களில் பெரும்பாலோர்க்கு இவ்வலி தணிந்துவிடுகிறது. எனினும் ஒரு சிறு பகுதியினருக்கு அது ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டிய காலத்தில் தூக்க இயலாத தாயாக ஒருத்தி ஆகிவிடுவது சிறிய துன்பமன்று.

தானே விரும்பி ஏற்கும் நோன்பு வேறு. சொல்ல வழியில்லாமல் தாங்கும் வலி வேறு. முன்னதைப் போற்றும் நாம், பின்னதையும் பொறுமை என்று பெயரிட்டுப் போற்றிவிடலாகாது.

வலி ஏன் வருகிறது?

இடுப்பின் அமைப்பைச் சற்று மனத்தில் கொண்டுவாருங்கள். வலம் ஒன்றும் இடம் ஒன்றுமாக இரண்டு பெரிய இடுப்பெலும்புகள் உள்ளன. பின்புறத்தில் அவற்றினிடையே முதுகுத்தண்டின் அடியில் உள்ள முக்கோண எலும்பு பொருந்தியிருக்கிறது. முன்புறத்தில் இரு எலும்புகளும் ஒரு குருத்தெலும்பால் இணைந்துள்ளன. ஆக, பின்னே இரண்டு, முன்னே ஒன்று என மூன்று இணைப்புகள் கொண்ட வளையம் அது. உடலின் மேற்பகுதியின் எடை முழுவதும் இவ்வளையத்தின் வழியாகவே இரு கால்களுக்கும் பிரிந்து இறங்குகிறது.

இந்த இணைப்புகள் முழங்கால்போல மடங்கி நீள்பவை அல்ல. மிகச் சிறிதளவே அசைபவை. அவற்றைக் காப்பவை இரண்டு. ஒன்று, எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் அமைப்பும் அவற்றைப் பிணைக்கும் நார்களும். மற்றொன்று, சுற்றியுள்ள தசைகளின் இறுக்கம். நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்களான விளேமிங், சினைடர்ஸ், ஸ்டோக்கார்ட் ஆகியோர் 1990ஆம் ஆண்டில் இவ்விரண்டையும் பிரித்து விளக்கினர்.

விறகுக் கட்டை எண்ணிப் பாருங்கள். கயிறு இறுக்கமாக இருக்கும்வரை கட்டு தானே நிற்கும். கயிறு தளர்ந்தால் சுமப்பவர் இரு கைகளாலும் அணைத்துக்கொள்ள வேண்டும். கைகளும் சோர்ந்தால் விறகு சரியும். கருவுற்ற காலத்தில், குழந்தை வெளிவர வழிவிடும்பொருட்டு, ஹார்மோன்களின் மாற்றத்தால் இடுப்பின் நார்கள் நெகிழ்கின்றன. ரிலாக்சின் என்னும் ஹார்மோனுக்கும் இதில் பங்குண்டு. முன்புற இணைப்பில் இயல்பாக 4 அல்லது 5 மில்லிமீட்டர் இருக்கும் இடைவெளி, இக்காலத்தில் மேலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் விரியும். கயிறு தளர்கிறது, அதே வேளையில் சுமை கூடுகிறது. வயிறு முன்னோக்கி வளர, உடலின் எடை விழும் இடமும் முன்னே நகர்கிறது. வயிற்றுத் தசைகள் நீண்டு வலுக் குறைகின்றன. அணைத்துக்கொள்ள வேண்டிய கைகளே சோர்வது இவ்வாறுதான்.

நார்களின் நெகிழ்ச்சி இயற்கை. அதனை நாம் தடுக்க இயலாது, தடுக்கவும் கூடாது. நம் கையில் இருப்பது தசைகளின் வலிமை. ஆகவேதான் நிலைப்படுத்தும் பயிற்சி வேண்டியதாகிறது.

அத்தசைகள் எவை? வயிற்றை ஓர் அறையாகக் கொண்டால், அதன் கூரை மூச்சை இயக்கும் உதரவிதானம். தரை இடுப்புத்தளத் தசைகள். கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்குபவை அவை. முன்சுவரும் பக்கச்சுவர்களும் வயிற்றைக் கச்சைபோல் சுற்றியிருக்கும் குறுக்குத் தசை. பின்சுவர் முதுகெலும்பை ஒட்டிய சிறுதசைகள். வெளிப்புறத்தில் பிட்டத் தசைகளும் தொடையின் உட்புறத் தசைகளும் துணை நிற்கின்றன. இவை யாவும் ஒரே காலத்தில் சேர்ந்து இயங்கும்போது இடுப்பு வளையம் உறுதியாகிறது.

இவ்வலி மெய்யானதா என்று ஐயுறுவோர்க்கு ஓர் எளிய சோதனை உண்டு. பெண்ணை நேராகப் படுக்கச் செய்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை 20 சென்டிமீட்டர் உயரம் தூக்கச் சொல்வோம். இடுப்பு தளர்ந்தவளுக்குக் கால் இரும்புபோல் கனக்கும். பின்னர் இடுப்பின் இருபுறமும் கைகளை வைத்து உள்நோக்கி அழுத்திப் பிடித்து மீண்டும் தூக்கச் சொல்வோம். அதே கால் எளிதாக எழும்பும். ஒருமுறை மருமகளை அழைத்துவந்த ஒரு மாமியார், ‘எங்கள் காலத்தில் நாங்கள் நாற்று நட்டோம், நெல் குத்தினோம், இப்படிப் படுத்துக்கொள்ளவில்லை’ என்று வருந்திச் சொன்னார். அவரையே அழைத்து மருமகளின் இடுப்பை இரு கைகளாலும் பிடிக்கச் சொன்னேன். அவர் பிடித்த பிடியில் கால் எழுந்தது, விட்டதும் விழுந்தது. அதன்பின் அவர் வேறு சொல் பேசவில்லை. வீட்டில் பயிற்சி தவறாமல் நடக்க அவரே காவலானார். சோம்பல் அன்று, தசையின் தளர்ச்சி என்று அவர் தம் கைகளாலேயே உணர்ந்தார்.

ஆய்வுகள் கூறுவன

பயிற்சியால் பயன் உண்டு என்பதற்குச் சான்று என்ன? சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

நார்வே நாட்டில் ஸ்டூகே என்பவரும் அவர்தம் குழுவினரும் பேற்றுக்குப் பின் இடுப்பு வலியுற்ற 81 பெண்களை இரு பிரிவாக்கி 20 வாரங்கள் ஆய்ந்தனர். நிலைப்படுத்தும் பயிற்சி பெற்ற பிரிவினர்க்கு வலி குறைந்து, அன்றாட இயக்கம் மேம்பட்டது. ஈராண்டு கழித்துப் பார்த்தபோதும் அப்பயன் நிலைத்திருந்தது. இவ்வாய்வு 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சுவீடனில் 386 கருவுற்ற பெண்களிடம் நடந்து 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, வழக்கமான சிகிச்சையோடு நிலைப்படுத்தும் பயிற்சியையும் சேர்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நல்ல பயன் கிட்டியது எனக் காட்டிற்று. அதே ஆய்வில் அக்குபங்சர் முறை பயிற்சியைவிடவும் சற்று மேம்பட்ட பயன் தந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு, 34 ஆய்வுகளில் பங்கேற்ற 5,000க்கும் மேற்பட்ட பெண்களின் செய்திகளை ஒருங்கே நோக்கியது. கருவுற்ற காலத்துக் கீழ்முதுகு வலியைப் பயிற்சி தணிக்கக்கூடும் என்றும், ஆனால் சான்றின் தரம் உயர்வாக இல்லை என்றும் அது கூறியது. இடுப்பு வளைய வலிக்கு எல்லா ஆய்வுகளும் ஒரே விடை தரவில்லை. ஆகவே பயிற்சி எல்லோர்க்கும் வலியை முற்றிலும் நீக்கிவிடும் என்று நான் உறுதி கூறமாட்டேன். பலர்க்குத் தணிக்கும்; முறையாகச் செய்தால் தீங்கு செய்யாது; செலவும் இல்லை.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சிக்கு இன்னும் உறுதியான சான்று உண்டு. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்டு கீகல் 1948ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினார். இருமும்போதும் தும்மும்போதும் சிரிக்கும்போதும் சிறுநீர் கசிவதைப் பெண்கள் தம் தாயிடம்கூடச் சொல்வதில்லை. 2020ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு, 21 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 46 ஆய்வுகளை ஆராய்ந்தது. கசிவு இல்லாத நிலையிலேயே கருவுற்ற தொடக்கத்தில் பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கு, கர்ப்பத்தின் இறுதிக் காலத்தில் கசிவு வரும் வாய்ப்பு 62 விழுக்காடு குறைந்தது. பேற்றுக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதங்களில் அது 29 விழுக்காடு குறைந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட கருவுற்றோர் பராமரிப்புப் பரிந்துரைகளில், கீழ்முதுகு வலியையும் இடுப்பு வலியையும் தடுக்கக் கர்ப்பகாலம் முழுவதும் முறையான உடற்பயிற்சி செய்யலாம் என்று கூறியுள்ளது. இயன்முறை மருத்துவம், இடுப்புப் பட்டை, அக்குபங்சர் ஆகியன அவரவர் விருப்பத்திற்கேற்பக் கொள்ளத்தக்க வழிகள் என்றும் அது குறிப்பிடுகிறது.

இரண்டு அச்சங்கள்

பயிற்சி செய்தால் கரு கலைந்துவிடும் என்பது முதல் அச்சம். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் மிதமான பயிற்சி கருவைக் கலைப்பதில்லை. வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020இல் கருவுற்ற பெண்களுக்கு அறிவுறுத்தியுள்ளது.

இடுப்புத் தசைகளை வலுவாக்கினால் குழந்தை வெளிவரும் வழி இறுகிவிடும் என்பது இரண்டாம் அச்சம். நார்வேயில் முதற்பேறு காணும் 301 பெண்களிடம் நடந்து 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதற்கு விடை தந்தது. பயிற்சி செய்தவர்களிடையே, குழந்தையை உந்தித் தள்ளும் கட்டம் நீண்டுபோனவர் குறைவாகவே இருந்தனர். நன்கு பயின்ற தசைக்கு இறுகவும் தெரியும்; வேண்டியபோது தளரவும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குந்தி அமர்ந்து வீடு துடைத்தால் சுகப்பிரசவம் ஆகும் என்பது நம் வீடுகளில் வழங்கும் சொல். உடல் இயங்க வேண்டும் என்ற கருத்தளவில் அது நன்றே. ஆனால் இடுப்பு வளைய வலி உள்ளவள் கால்களை அகட்டிக் குந்தி நகர்ந்து நகர்ந்து துடைத்தால் வலி மிகும். வீட்டு வேலை பயிற்சிக்கு ஈடாகாது. வீட்டு வேலை உடலைக் களைப்பாக்கும், பயிற்சி குறிப்பிட்ட தசையைத் தேர்ந்து வலுவாக்கும்.

செய்யும் முறை

இப்பயிற்சிகளைத் தொடங்குமுன் உங்கள் மகப்பேறு மருத்துவரின் இசைவைப் பெறுங்கள். முதல் முறை ஓர் இயன்முறை மருத்துவர் முன்னிலையில் கற்றுக்கொள்வது நன்று. தளர்ந்த பருத்தியுடை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், வழுக்காத விரிப்பின்மேல் செய்யுங்கள். எந்தப் பயிற்சியிலும் மூச்சை அடக்கலாகாது.

முதலாவது, இடுப்புத்தளப் பயிற்சி. நாற்காலியில் நிமிர்ந்து அமருங்கள். காற்றும் சிறுநீரும் வெளியேறாமல் அடக்குவதுபோல அத்தசைகளைச் சுருக்கி மேல்நோக்கி இழுங்கள். தொடையையோ பிட்டத்தையோ இறுக்க வேண்டா. இயன்ற அளவு, 5 வினாடியில் தொடங்கி 10 வினாடி வரை நிறுத்தி, பின் முழுமையாகத் தளர்த்துங்கள். எட்டு முதல் பத்து முறை செய்து, அதன்பின் விரைவாகச் சுருக்கித் தளர்த்துவதைப் பத்து முறை செய்யுங்கள். நாளொன்றுக்கு மூன்று வேளை போதும். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்தி இதனைப் பழகக் கூடாது.

இரண்டாவது, குறுக்கு வயிற்றுத் தசைப் பயிற்சி. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகு சமமாக இருக்குமாறு நில்லுங்கள். மூச்சை வெளிவிட்டபடி, தொப்புளுக்குக் கீழுள்ள பகுதியை, குழந்தையை அணைத்துக்கொள்வதுபோல மெல்ல உள்ளே இழுங்கள். முதுகு அசையலாகாது. இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டே 5 முதல் 10 வினாடி நிறுத்துங்கள். பத்து முறை செய்யலாம்.

மூன்றாவது, இடுப்பைச் சாய்க்கும் பயிற்சி. சுவரில் முதுகு சாய்த்து நின்று முழங்கால்களைச் சற்றே தளர்த்துங்கள். கீழ்முதுகு சுவரைத் தொடுமாறு இடுப்பை மெல்லப் பின்னோக்கிச் சாய்த்து, ஐந்து வினாடி நிறுத்தி விடுங்கள். பத்து முறை.

நான்காவது, பிட்டத் தசைப் பயிற்சி. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்குங்கள். வயிற்றின் கீழ் ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். குதிகால்கள் சேர்ந்திருக்க, மேல் முழங்காலை மட்டும் சிறிதளவு உயர்த்தி இறக்குங்கள். இடுப்பு பின்னே உருளலாகாது. பக்கத்திற்கு எட்டு முதல் பத்து முறை. முன்புற இணைப்பில் வலி உள்ளவர்கள் காலை அதிகம் விரிக்க வேண்டா, வலித்தால் விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது, தொடையின் உட்புறத் தசைப் பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே மடித்த தலையணையை வைத்து மெல்ல அழுத்துங்கள். ஐந்து வினாடி நிறுத்துங்கள். பத்து முறை.

ஆறாவது, இவை நன்கு பழகிய பின்னர்ச் செய்ய வேண்டியது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிய நிலையில் வயிற்றை மெல்ல உள்ளிழுத்து, ஒரு காலை மட்டும் பின்னோக்கி நீட்டி மீட்டுக்கொள்ளுங்கள். நிலை தடுமாறாவிட்டால், பின்னர் எதிர்ப்புறக் கையையும் சேர்த்து நீட்டலாம். பக்கத்திற்கு ஐந்து முறை போதும்.

இவை அனைத்திற்கும் நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதுமானது. ஐந்தாம் மாதத்திற்குப் பின் நெடுநேரம் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளைத் தவிருங்கள். கருப்பையின் எடை, இதயத்திற்கு இரத்தம் திரும்பும் பெருநாளத்தை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கும். இதனோடு சமதரையில் இதமான நடையும் சேர்ந்தால் நன்று.

அன்றாட வாழ்வில்

இருபது நிமிடம் பயின்று, மீதி நேரமெல்லாம் இடுப்பை வருத்தினால் பயனில்லை. சில பழக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

படுக்கையில் புரளும்போது இரு முழங்கால்களையும் சேர்த்து வைத்து, உடலை ஒருசேரத் திருப்புங்கள். பாயிலிருந்து எழும்போது நேராக எழ வேண்டா. ஒருக்களித்து, கையூன்றி, மண்டியிட்டு, அருகில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுங்கள். உறங்கும்போது முழங்கால்களுக்கிடையே தலையணை இருக்கட்டும். ஆடை உடுத்தும்போது அமர்ந்தபடி உடுத்துங்கள். படி ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் சேர்த்து ஏறுங்கள். தண்ணீர்க் குடத்தையோ மூத்த குழந்தையையோ ஒரு பக்க இடுப்பில் சுமக்காதீர்கள். இடுப்பு வளையத்தை ஒருபுறமாக இழுக்கும் பழக்கம் அது. இருசக்கர வண்டியில் ஒரு பக்கமாகத் திரும்பி அமர்ந்து நெடுந்தூரம் செல்வதும் அத்தகையதே.

விழா நாள்களில் தரையில் சம்மணமிட்டு நெடுநேரம் அமர்வது நம் வழக்கம். வலி உள்ள பெண்ணுக்கு ஒரு நாற்காலி கொடுத்தால் பக்தி குறைந்துவிடாது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சற்று நடக்கட்டும். வலி மிகுந்த நாள்களில் மலைப் படிகளை ஏறுவதைத் தள்ளிவைக்கலாம்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். சூரியன் மறைந்தபின் உண்ணாத இல்லங்களில், மாலை உணவிற்கும் காலை உணவிற்கும் இடையே பன்னிரண்டு மணிநேரம் கழிந்துவிடுகிறது. ஆதலால் எழுந்தவுடன் வெறும் வயிற்றில் பயிற்சி செய்ய வேண்டா, தலைசுற்றும். காலை உணவு உண்டு ஒருமணி நேரம் கழித்தோ, மாலை உணவிற்குச் சற்று முன்னரோ செய்யுங்கள். பகலில் நீர் நிறையப் பருகுங்கள். தசை வலுப்பெறப் புரதம் வேண்டும். பருப்பும் பயறும் பாலும் தயிரும் நாள்தோறும் இடம்பெறட்டும். சைவ உணவு மட்டுமே உண்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் உணவு இடைவெளியையும் உபவாசத்தையும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

யார் செய்யலாகாது? எப்போது நிறுத்த வேண்டும்?

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பவர்கள், கருப்பை வாய் தளர்ந்து தையல் இடப்பட்டவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், குறைமாதப் பேற்றுக்கு வாய்ப்புள்ளவர்கள், கர்ப்பகால இரத்த அழுத்தம் கடுமையாக உள்ளவர்கள், இதய நோயோ கடும் இரத்தசோகையோ உள்ளவர்கள் மருத்துவரின் சொல்லின்றி எதையும் தொடங்கக் கூடாது.

பயிற்சியின்போது இரத்தப்போக்கு, நீர்க்கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்றிறுக்கம், தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கடும் தலைவலி, கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலும் அவ்வாறே. முதுகுவலியோடு காய்ச்சல், கால்கள் வலுவிழத்தல், தொடையிடுக்கு மரத்துப்போதல், சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றிப் போதல் ஆகியவை இருந்தால் அது சாதாரண இடுப்பு வலியன்று. ஒரு நாளும் காத்திருக்கலாகாது.

பேற்றுக்குப் பின்

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் நிகழும் பேறுகளில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை வழியானவை. அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்றவர்களுக்கு இடுப்புத்தளப் பயிற்சி வேண்டியதில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். ஒன்பது மாதம் சுமையைத் தாங்கிய தசைகள் அவர்களுக்கும் தளர்ந்தே இருக்கும். வயிற்றுச் சுவரோ வெட்டிலிருந்து ஆற வேண்டியுள்ளது. எவ்வகைப் பேறாயினும், மருத்துவர் இசைந்த பின் மென்மையான மூச்சுப் பயிற்சியிலும் இடுப்புத்தளப் பயிற்சியிலும் தொடங்கி, படிப்படியாக மற்றவற்றைச் சேர்க்கலாம். வயிற்றை இறுகத் துணியால் கட்டுவது சற்று இதம் தரலாம். தசையை அது வலுவாக்காது.

குடும்பத்தின் கடமை

அன்பர்களே, இப்பயிற்சிகளுள் எதற்கும் விலையுயர்ந்த கருவி வேண்டா. ஒரு விரிப்பு, ஒரு தலையணை, ஒரு நாற்காலி, இருபது நிமிடம், இவ்வளவே. ஆயினும் பெரும்பாலான பெண்களுக்குக் கிடைக்காதது அந்த இருபது நிமிடமே. காலையில் அடுக்களை, பின் அலுவலகம், மாலையில் மீண்டும் அடுக்களை என்று நாள் கழிகிறது. அந்நேரத்தை ஒதுக்கித் தருவது கணவரின் கடமை. தண்ணீர் எடுத்து வைப்பதும், துணி உலர்த்துவதும், மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அவரால் ஆகாத செயல்கள் அல்ல. மருமகள் விரிப்பை விரித்துப் படுத்தால், ‘பயிற்சி செய்கிறாள்’ என்று மாமியார் உவந்து சொல்லும் வீட்டில், அவள் அச்சமின்றிச் செய்வாள்.

ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு மருத்துவமனைகளில் கருவுற்ற பெண்களுக்கு நடுவண் அரசின் திட்டத்தின்கீழ் கட்டணமின்றிப் பரிசோதனை நடைபெறுகிறது. 2016ஆம் ஆண்டு முதல் இது நடந்துவருகிறது. செல்லும்போது இரத்த அளவையும் குழந்தையின் வளர்ச்சியையும் கேட்பதோடு, இடுப்பு வலி இருப்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இயன்முறை மருத்துவப் பிரிவுகள் உள்ளன. கேட்டால் அங்கு அனுப்புவார்கள்; கேளாவிட்டால் யாரும் அறியமாட்டார்கள்.

இன்று வீடு திரும்பியதும், உங்கள் இல்லத்திலோ உறவிலோ கருவுற்ற பெண் எவரேனும் இருந்தால், ‘இரவில் புரண்டு படுக்க முடிகிறதா, அம்மா?’ என்று ஒருமுறை கேளுங்கள். அவர் முடியவில்லை என்று சொன்னால், அதனை நம்புங்கள். அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் உடன் செல்லுங்கள்.

 தாயும் சேயும் நலமுற வாழ்க.